காலி என்று ஒட்டிய ஸ்பீக்கர்

மூன்றாவது ஸ்பீக்கரில் இரைச்சல் நின்றிருந்தது.

எப்போது நின்றது என்று இன்ஜினியருக்குத் தெரியவில்லை. மின்விசிறி நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் ஓடியது காதுக்கு உறைக்கும் இல்லையா, அப்படி. காலை பத்து மணியிலிருந்து மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று சின்ன ஸ்பீக்கர்களில் கடைசியானது, தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. அதுதான் அதன் வேலை. இப்போது சும்மா இருந்தது. அவர் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். கடைசியில், படித்த படிப்புக்கெல்லாம் மரியாதையாக, அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கருக்கு உயிர் இருந்தது. இரைச்சல்தான் இல்லை.

வாக்கி டாக்கி அலைவரிசையில் யாரும் இல்லாதபோதுதான் இரைச்சல் கேட்கும். எங்காவது யாராவது பொத்தானை அமுக்கினால் அந்த நொடியே அடங்கிவிடும். அமுக்கியவர் வாயைத் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆக, இந்த அமைதிக்கு ஒரே பொருள்தான். யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டு, பேசாமல் இருக்கிறார்கள்.

ஆனால் கீழே இருந்தது இரண்டே பேர். அவர் ஒருவர். அவருடைய மனைவியின் தம்பி இன்னொருவன். இன்னும் திறப்பு விழா காணாத ஒரு பெரிய கடைக் கட்டடத்தின் அடித்தளம் அது. வண்டி நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள், ஒரு வண்டியும் நின்றதில்லை. ஈர சிமெண்டும் புதுப் பெயின்டும் கலந்து, மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்ததுபோல் மூச்சில் அடிக்கிற வாசனை. மேஜைப் பக்கம் மட்டும் நான்கு டியூப் லைட் எரிந்தது. அதற்கப்பால் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் தூண்கள், பிறகு எதுவும் தெரியாத ஓர் எண்பது மீட்டர். கூரையில் காற்றை உறிஞ்சுகிற விசிறிகள் ஓயாமல் உறுமின. கத்திக் கூப்பிட்டால் அந்த உறுமலில் கரைந்து, எல்லாச் சுவரிலிருந்தும் ஒரே நேரத்தில் திரும்பி வரும். எந்தப் பக்கம் ஆள் என்று எவனாலும் சொல்ல முடியாது. இவர்களுடைய சோதனைக்கு இப்படி ஒரு கெட்ட இடம்தான் வேண்டியிருந்தது. இடமும் தன் பங்குக்கு, நீங்கள் எனக்கு வேண்டாம் என்பதைக் காலையிலிருந்தே மறைக்கவில்லை.

"மாப்ள," என்றார், அவன் காதுக்கு மட்டும் தனி அலைவரிசையில் போகிற தன் வாக்கியில். "பொத்தானை விடு."

முதல் ஸ்பீக்கர் உடனே இரைந்தது. மூன்றாவது அமைதியாகவே இருந்தது.

"விட்டுட்டேன்." முதல் ஸ்பீக்கரில் திரும்ப அவன் குரல். "இப்ப அமுக்கினாத்தானே பேச முடியும். என்ன மாமா, உங்க கண்ணாமூச்சி கவுந்துடுச்சா?"

கண்ணாமூச்சி என்பது அவன் வைத்த பெயர். இன்ஜினியர் நான்கு வருடம் எழுதிய புரோகிராமுக்கு அலுவலகத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தப்பும் இல்லை. ஒரு நீளக் கம்பியில், சீப்புக்குப் பல் வைத்ததுபோல் வரிசையாக எட்டு ஆன்டெனா. அந்த எட்டிலும் எல்லாருடைய பேச்சும் குழம்பிப்போய் வந்து விழும். யார் எங்கே நிற்கிறார்கள், என்ன பேசப் போகிறார்கள், எத்தனை பேர், எதையும் புரோகிராமுக்குச் சொல்ல மாட்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டதுதான். அதற்குக் கொடுத்த துப்பு ஒன்றே ஒன்று: வாக்கி டாக்கியின் அலை உயரம் மாறாமல் வரும், இரண்டு கலந்தால் உயரம் தாறுமாறாகக் குதிக்கும். எனவே, எட்டு ஆன்டெனாவையும் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்து, குதிக்காத ஒன்று சிக்கும்வரை துழாவு. சிக்கியதை ஒரு ஸ்பீக்கரில் விடு. அதைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் மறுபடி துழாவு.

சுரங்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கலாம் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இன்றைக்கு முதல் ஸ்பீக்கரில் நடமாடுகிற மாப்பிள்ளை. இரண்டாவதில், தூணில் கட்டிவைத்த இன்னொரு வாக்கி. அதன் பொத்தானை ரப்பர் வளையம் போட்டு அமுக்கி, மாப்பிள்ளையே துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேட்டைப் படித்துப் பதிவு செய்ததைப் பாட விட்டிருந்தார்கள். 'வெள்ளைத் துணிகளைத் தனியாகப் பிரிக்கவும்' என்று அவன் செய்தி வாசிப்பவன்போல் படித்ததைக் காலையிலிருந்து நாற்பது முறை கேட்டாயிற்று. மூன்றாவதில் எதுவும் இருக்கக் கூடாது. இன்ஜினியர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு காகிதச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். மாப்ள. டேப். காலி.

"உன் பையில வேற வாக்கி ஏதாவது அமுங்கிக் கிடக்கா, பாரு."

"பையில ரெண்டு வாழைப்பழம் இருக்கு. ஒண்ணு அமுங்கித்தான் போச்சு. அதுல பொத்தான் கிடையாது மாமா."

சிரிக்கத்தான் செய்தார். பிறகு ஒழுகல் என்று முடிவு செய்தார். முதல் ஆளைச் சரியாகக் கழிக்காவிட்டால் அவன் குரல் மூன்றாவதில் சொட்டும். இந்தத் தொழிலில் விளங்காத எல்லாவற்றுக்கும் ஒழுகல் என்று பெயர் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவது வழக்கம். ஆனால் ஒழுகினால் குரல் ஒழுக வேண்டும். இது மௌனம். மௌனம் எங்கிருந்து ஒழுகும்?

திசை பார்த்தார். மூன்றாவது, நேர் முன்னாலிருந்து இடப்பக்கமாக இருபது டிகிரி.

"மாப்ள, எனக்கு இடது பக்கமா, மூலையை ஒட்டி நட. யாராவது இருக்காங்களான்னு பாரு."

அவன் நடப்பது லேப்டாப் திரையில் ஒரு கோடாகத் தெரிந்தது. தூணுக்குப் பின்னால் போனால் கோடு விழும், வெளியே வந்தால் எழும், தூரம் போகப் போகத் தளரும். மனிதன் நடக்கிற கோடு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையிலும் ஒயர் இருந்ததால் அதை மேஜையிலேயே வைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்ன கொம்பு, என் தம்பி உயிரோட இருக்கானா?"

மனைவி. கல்யாணமான புதிதில், கட்டில் போட வேண்டிய இடத்தில் ஆன்டெனாக் கம்பிகளைக் கொண்டுவந்து சாத்தியதற்கு வைத்த பெயர் கொம்பு. அதை மாற்றச் சொல்லி அவர் மனுக் கொடுக்காத நாளில்லை.

"இருக்கான். பழம் தின்னுட்டு இருக்கான்."

"அஞ்சே முக்காலுக்கு ரயில். நாலு மணிக்கு அவன் பெட்டியோட கேட்ல நிப்பேன். இன்னிக்கு ஒரு நாளாவது அவனை வீட்ல விட்ருக்கலாம் நீங்க. புது ஊரு, புது வேலை, தலைக்கு எண்ணெய் வைச்சுக் குளிக்கக்கூட நேரமில்ல. அந்தப் பொந்துலேர்ந்து முழுசாக் கூட்டிட்டு வாங்க. கேக்குதா?"

"கேக்குது."

"கேக்குதுன்னா தலையாட்டுவீங்க. இப்ப ஆட்டினீங்களா?"

ஆட்டியிருந்தார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதில், அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு, ஒரு பள்ளிக்கூடப் பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவன் அவன். பிள்ளை இல்லாத வீடு. சைக்கிள் விடச் சொல்லிக் கொடுத்ததும், ஒயர் பற்றவைக்கச் சொல்லிக் கொடுத்ததும், மீசை முளைத்ததைக் கிண்டல் செய்ததும் இவர்தான். இன்றைக்கு இந்தச் சோதனைக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னது பொய். இன்னும் ஒரு நாள் அவனோடு இருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதை யாரிடமாவது சொல்வதற்குள் உயிர் போய்விடும்.

"மாமா, மூலைக்கு வந்துட்டேன்," என்றான் முதல் ஸ்பீக்கரில். "இங்க ஒரு தூண், ஒரு பெயின்ட் டப்பா, நான். மூணு பேர்ல யாரைத் தேடுறீங்க?"

"யாரும் இல்லையா?"

"இருந்தா முதல்ல அவனை இந்தக் கையேட்டைப் படிக்க விட்டிருப்பேனே."

இன்ஜினியர் நாற்காலியில் சாய்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

மூன்றாவது ஸ்பீக்கரில் ஒரு கிறீச்.

சின்னதாக. ஆனால் தெளிவாக. அவர் நிமிர்ந்தார், நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது, காலி என்று ஒட்டியிருந்த ஸ்பீக்கருக்குள் இன்னொரு நாற்காலி கிறீச்சிட்டது. விசிறியின் உறுமல்கூட அதற்குள் மெல்லக் கேட்பதை இப்போதுதான் கவனித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், மெதுவாக, வைப்பது தெரியாமல் வைப்பதுபோல. டக். ஸ்பீக்கரில், டக். தொண்டையைச் செருமினார். அதுவும் வந்தது. அவருடைய செருமல். வெளியிலிருந்து கேட்கும்போது இவ்வளவு வயதான செருமலா என்று, அந்த நேரத்திலும், ஒரு மூலையில் தோன்றத்தான் செய்தது.

பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பது எதுவாக இருந்தாலும், அது எண்பது மீட்டர் தள்ளி மூலையில் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது.

அப்புறம்தான் அது புத்தியில் ஏறியது. முதல் வருடப் பையனுக்குத் தெரிந்த விஷயம். நேர்கோட்டில் நிறுத்திய ஆன்டெனாக்களுக்கு முன் எது, பின் எது என்று தெரியாது. முன்னால் இடப்பக்கம் இருபது டிகிரி என்றால், பின்னால் இடப்பக்கம் இருபது டிகிரியாகவும் இருக்கலாம். கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். முன்னால்தான் கூடம் இருக்கிறது, எனவே முன்னால்தான் ஆள் இருப்பான் என்று அவராக நினைத்துக்கொண்டார். பின்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பின்னால் வெளியே ஏறிப்போகிற சரிவு. சரிவின் அடியில் இடப்பக்கமாகத் தண்ணீர் பம்ப் அறை.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினார். இரும்புக் கதவு. பூட்டு. பூட்டின் மேல் சிமெண்டுத் தூசி கலையாமல் படிந்திருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதற்குள் இருட்டு இருந்தது. கூடத்தின் கோடியில் இருந்ததைப் போல வெளிச்சம் போகாததால் வந்த இருட்டு இல்லை, கொண்டுவந்து வைத்த இருட்டு. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஸ்பீக்கரிலும் மூச்சு நின்றது. அவர் விட்டார். அதுவும் விட்டது. அந்தச் சத்தம் நான்கு விரல் இடைவெளியிலிருந்து, பத்தடி தூரத்திலிருந்து எடுத்த சத்தம் இல்லை. வாய்க்குப் பக்கத்தில் பிடித்து எடுத்த சத்தம்.

பிடரியில் ஏதோ பட்டது. காற்றாக இருக்கலாம்.

எழுந்தார். எழுந்த வேகத்தில் காலில் ஒயர் சிக்கியது. ரிசீவர் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. மூன்று ஸ்பீக்கரும் ஒன்றாகச் செத்தன.

ஒயரைத் திரும்பச் சொருகினார். பெட்டி முழித்துக்கொண்டு எழ நாற்பது நொடி ஆகும். வாங்கும்போது பத்து நொடி என்று சொல்லித்தான் விற்றார்கள். நாற்பது நொடி அந்தக் கூடத்தில் அவருக்குச் சொந்தக் காதைத் தவிர வேறு துணை இல்லை. விசிறிகள். எங்கோ சொட்டுகிற தண்ணீர். தூரத்தில் ஒரு காலடி, இல்லை, இரண்டு, நின்றுவிட்டது. பம்ப் அறைப் பக்கம் அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு உடம்பின் மொத்த பலமும் தேவைப்பட்டது.

பச்சை விளக்கு.

"மாமா. இருக்கீங்களா."

முதல் ஸ்பீக்கர். மாப்ள என்று ஒட்டிய சீட்டு. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கேன்டா. எங்க இருக்க நீ?"

"பக்கத்துலதான். வர்றேன் மாமா."

"வா, சீக்கிரம் வா. நேரா சரிவுக்கு வந்துடு. வெளிய போயிடலாம்."

மூன்றாவது ஸ்பீக்கர் கரகரத்தது.

"மாமா? நடுவுல கட் ஆயிடுச்சு. யாரை வரச் சொல்றீங்க, என்னையா?"

அதே குரல்.

இரண்டாவது ஸ்பீக்கர், அதே குரலில், வெள்ளைத் துணிகளைத் தனியாகப் பிரிக்கச் சொன்னது.

இன்ஜினியர் மூன்று சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது, இத்தனை நேரம் பொத்தானை அமுக்கிக்கொண்டு ஒட்டுக்கேட்டது. இப்போது வாயைத் திறந்துவிட்டது. அவன் குரலில். நாற்பது முறை கையேட்டைக் கேட்டால் யாருக்குத்தான் வராது.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். பதில் சொல்லு. உங்க அக்கா வீட்ல என்னை எப்படிக் கூப்பிடுவா?"

"கொம்பு," என்றது முதல் ஸ்பீக்கர், உடனே.

மூன்றாவதில் ஒரு நொடி மூச்சிரைப்பு. தடுக்கி விழப் பார்த்த சத்தம். "இப்ப இதுவா மாமா முக்கியம்... கோவமா இருக்கும்போது கூப்பிடுறதா, சும்மா இருக்கும்போது கூப்பிடுறதா?"

தெரியவில்லை. அதற்குத் தெரியவில்லை. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது, கண்டுபிடித்துவிட்ட நிம்மதி.

லேப்டாப்பை மட்டும் வாரி எடுத்தார். ரிசீவர் கம்பியில்லாமலே அதற்கு அனுப்பும், ஸ்பீக்கர்கள் கிடக்கட்டும். பம்ப் அறைப் பக்கம் தலை திரும்பாமல் சரிவில் ஏறினார். நாற்பத்தாறு வயது, சர்க்கரை, காலையில் நடக்கச் சொன்ன டாக்டர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தார்கள்.

"மாப்ள, வந்துட்டியா?"

"வந்துட்டேன் மாமா."

கைக்குள் லேப்டாப்பின் சின்னக் குரல்கள். ஒன்று நிதானமாக. இன்னொன்று இரைக்க இரைக்க.

"மாமா, ஓடுறீங்களா? இருங்க. நானும் வந்துட்டே இருக்கேன். இருட்டுல முட்டிய இடிச்சுக்கிட்டேன், இந்தத் தூணை எவன் இங்க நட்டான்..."

வருகிறது. அது வருகிறது. அவர் வேகமாக ஏறினார். பின்னால் செருப்புச் சத்தம், சீராக, அவசரமே இல்லாமல். மாப்பிள்ளையின் செருப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. மேலே வெயில் ஒரு வெள்ளைத் தகடுபோல் நின்றது. அதற்குள் நுழைந்தார். கண் கூசி எல்லாம் வெளுத்தது. பக்கத்தில் ஒரு நிழல் வந்து நின்றது.

அவன்தான். தலையில் சிமெண்டுத் தூசி. சட்டைக் காலர் மடங்கியிருந்தது. கையில் வாக்கி.

"மாமா, யார்கிட்ட பேசுறீங்க?" என்றது லேப்டாப். "யார் அங்க உங்ககூட?"

சரிவின் வாயில் சுருட்டி ஏற்றியிருந்த ஷட்டரின் கொக்கியைப் பிடித்து இழுத்தார். அது கத்திக்கொண்டே இறங்கியது.

"மாமா, வெளிச்சம் போகுது. ஷட்டரா அது? மாமா, நான் கீழ இருக்கேன். விளையாடாதீங்க, மாமா..."

பூட்டினார். லேப்டாப்பை மூடினார். பட்டென்று.

வெயிலில் நின்று மூச்சு வாங்கினார். பக்கத்தில் நின்றவனின் தோளைத் தொட்டுப் பார்த்தார். தோள் இருந்தது. "சாரிடா," என்றார். "உங்க அக்காகிட்ட எதுவும் சொல்லாத."

"சரி மாமா."

வெளி கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவே நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு மரம்கூட இல்லாத சிமெண்டுத் தளம். காவலாளி வண்டியை உள்ளே விடவில்லை போல. மனைவி ஸ்கூட்டரைக் கேட்டில் விட்டுவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு வேகவேகமாக நடந்து வந்தாள்.

"மணி நாலே கால். நாலுன்னா என்ன அர்த்தம் உங்க அகராதியில?" என்றாள் அவரிடம். தம்பியின் தலையைத் தட்டினாள். தூசி பறந்தது. "பார், பூசணிக்காய்க்கு மாவு தடவின மாதிரி. இப்படியே ரயில் ஏறு, புது முதலாளி பார்த்ததும் திருப்பி அனுப்பட்டும். என்னங்க, உங்களுக்கு என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"வெயில்," என்றார்.

"வர்றீங்களா?"

"சாமான் கீழ இருக்கு. நீங்க போங்க. நான் ஆள் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன். ஸ்டேஷனுக்கு வந்துடறேன்."

"வந்தாச் சரி." தம்பியின் கையைப் பிடித்தாள். "வாடா."

"வர்றேன் மாமா," என்றான் அவன். நின்று, முகத்தைப் பார்த்து, மரியாதையாக.

இரண்டு பேரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். இன்ஜினியர் சரிவின் விளிம்புச் சுவரில் உட்கார்ந்தார். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தார். குரலை அடைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடப் பதிவை மட்டும் விரித்தார். பழக்கம். வீடு தீப்பிடித்தாலும் முதலில் பதிவைப் பார்ப்பார் என்று மனைவி சொல்வாள்.

முதல் ஸ்பீக்கரின் கோடு.

பெட்டி மறுபடி எழுந்த இடத்திலிருந்து முடிகிற இடம்வரை, அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக இருந்தது. ஒரு மேடு இல்லை. ஒரு பள்ளம் இல்லை. எண்ணைப் பார்த்தார். கூடத்தின் நடுவில் இருந்தபோது என்ன அளவோ, ஆன்டெனாவை உரசிக்கொண்டு போனபோதும் அதே அளவு. சரிவில் ஏறியபோதும் அதே அளவு. பக்கத்தில் வந்தும் ஏறவில்லை. தள்ளிப் போயும் இறங்கவில்லை.

மூன்றாவது கோடு மேலும் கீழுமாகக் கிடந்தது. விழுந்து, எழுந்து, தளர்ந்து. ஒரு தூண். இன்னொரு தூண். ஓர் இடத்தில் சட்டென்று ஒரு வெட்டு. முட்டியை இடித்துக்கொண்ட இடமாக இருக்கும். அப்புறம் ஏறிக்கொண்டே வந்து, ஷட்டர் இறங்கிய பிறகும் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தது.

பெட்டி அணைந்து எழுந்தபோது கண்ணாமூச்சி மறுபடி முதலிலிருந்து துழாவியிருக்கிறது. அப்போதைக்கு எது ஓங்கியிருந்ததோ அதை முதலில் பிடித்திருக்கிறது. அதற்கு மாப்ள யார், காலி யார் என்று எப்படித் தெரியும். சீட்டு ஒட்டியவர் அவர்தான். கொம்பு என்ற பெயரை அவள் போனில், அந்தப் பம்ப் அறைக்குப் பத்தடி தூரத்தில், உரக்கச் சொன்னதும் இன்றைக்குத்தான். அதை யாரும் சொல்லலாம். கோபத்தில் கூப்பிடுவது வேறு என்பது அந்த வீட்டில் வளர்ந்தவனுக்குத்தான் தெரியும்.

பதினான்கு வருடத்தில் அவன் கேலி செய்யாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை.

குரலைத் திறந்தார். விட்டு விட்டு, நூலாக வந்தது.

"...மாமா... இங்க பூட்டியிருக்கு... பம்ப் ரூம் கதவு திறந்திருக்கு மாமா... காலையில பூட்டித்தானே இருந்துச்சு..."

எழுந்தார். சாவி கையில் இருந்தது. ஷட்டரின் பக்கம் ஓரடி வைத்தார்.

அப்போதுதான் தலையைத் தூக்கி, மனைவி எவ்வளவு தூரம் போயிருக்கிறாள் என்று பார்த்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் போயிருந்தாள். அவ்வளவு தூரத்தில் அவள் ஒரு தீக்குச்சி உயரம்தான் தெரிந்தாள். முந்தானை ஒரு துளி நிறம். பக்கத்தில் வருபவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து நடந்தாள். அவள் கை அவன் கைக்குள் இருந்தது.

அவன் காலரின் மடிப்பு தெரிந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசி, சட்டைத் தையலில் விட்டுப்போன ஒரு நூல், பிடரி மயிர், எல்லாம் தெரிந்தது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. இரண்டடி தூரத்தில் நின்று வர்றேன் மாமா என்று சொன்னபோது எவ்வளவு உயரம் இருந்தானோ, அதே உயரம். கேட்டை மறைத்து. காவலாளியின் அறையை மறைத்து. அவள் இன்னும் பத்து அடி வைத்தாள். இன்னும் சிறுத்தாள்.

அவன் சிறுக்கவில்லை.